வால் வந்தாச்சா?

அந்த மஞ்சள் கோட்டை நான்தான் தைத்தேன். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில், கோட்டு தைப்பது இல்லை. ஆனாலும் அண்ணன் கேட்டானே என்று லாரிக்குப் போடுகிற தார்ப்பாயில் பளிச்சென்ற மஞ்சளாகப் பார்த்து வெட்டி, உள்ளே பழைய கம்பளியை இரண்டு மடிப்பாக வைத்து, சீட்டு தைக்கிற தடித்த நூலால் தைத்துக் கொடுத்தேன். பார்க்க மூட்டை மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் போனவனுக்கு ஊரே உறைந்தாலும் தெரியாது.

என் அண்ணன் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். வருஷா வருஷம் கடுங்குளிர் தொடங்கியதும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, புத்தியுள்ளவர்கள் எல்லாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, அவனும் அவனோடு சேர்ந்த நாங்களும் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போவோம். ஏன் என்று கேட்டால், “குளிர்ல ஓட்டறவன்தான் ஓட்டறவன்” என்பான். அப்படியானால் கோடையில் ஓட்டுகிறவன் எல்லாம் வண்டியை உருட்டிக்கொண்டா போகிறான் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முன்னால் போகிறவனைத் ‘தலை’ என்போம். அது அண்ணன். கடைசியாக வருகிறவர் ‘வால்’. அது என் வீட்டுக்காரர். மஞ்சள் கோட்டு வாலுக்கு மட்டும்தான். முன்னால் இருப்பவரை முந்தக் கூடாது, மஞ்சளுக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது, இவ்வளவுதான் எங்கள் சட்டம். அதனால் வண்டி நிற்கிற இடத்தில் யாரும் ஆட்களை எண்ணுவதில்லை. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வால் வந்தாச்சா?” என்று கேட்பான். மஞ்சளைப் பார்த்த யாராவது ஒருவர் “வந்தாச்சு” என்பார். மஞ்சள் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டதாக அர்த்தம்.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். “குளிரைத் திட்டாதே, அதுதான் நமக்குச் சோறு போடற முதலாளி” என்பார். என்னையும் முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு டயர் பஞ்சரானாலும், யாருக்குச் செயின் கழன்றாலும் அவர் நின்று, அவனைக் கிளப்பி அனுப்பிவிட்டுத்தான் பின்னால் வருவார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். ஒருமுறையாவது கடித்திருக்கலாம்.

இந்த வருஷம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. கல்யாணமாகி மூன்று மாதம்தான். கம்ப்யூட்டர் வேலை, பெரிய வண்டி, அதற்குப் பொருத்தமாக மெல்லிய கறுப்புத் தோல் கோட்டு. கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்கிய கோட்டு என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

“உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க மாப்பிள்ளை” என்றேன்.

“பரவால்ல அத்தை. எனக்கு இந்தக் குளிரெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

நான் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என்னைப் பார்த்து முறைத்தான். புது மாப்பிள்ளையிடம் எங்கள் வீட்டில் எதையும் யாரும் இரண்டாவது தடவை சொல்வதில்லை. அவர் வண்டியைக் கோணலாக ஓட்டினால்கூட ரோடுதான் சரியில்லை என்போம். சட்டத்தையாவது அவருக்குச் சொன்னானா என்றால் அதுவும் இல்லை. “நீங்க எங்களோடயே வாங்க மாப்பிள்ளை. மத்ததெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்று முடித்துவிட்டான்.

வாசலில் அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, அவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க.”

“உங்க மாமா கடைசில வர்றாருடி. எவனும் தொலைய மாட்டான்” என்றேன். சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரின் மஞ்சள் கோட்டு ஜிப்பைத் தாடை வரைக்கும் இழுத்து மூடிவிட்டேன். அவர் எப்போதும் பாதியில் விட்டுவிடுவார்.

ஆறு வண்டிகள் கிளம்பினோம். அண்ணன், அவனுக்குப் பின்னால் மின்சார லைன்மேன், அப்புறம் மாப்பிள்ளை, பல் டாக்டர், நான், கடைசியில் அவர். ஊர் எல்லை தாண்டியதுமே குளிர் கையுறைக்குள் புகுந்து விரலைக் கடிக்க ஆரம்பித்தது. முழங்கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மலை அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நின்றபோது எல்லோருடைய முகமும் சவரம் செய்த கோழி மாதிரி இருந்தது. நான் கழிவறைக்குப் போனேன்.

அந்த இடைவெளியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பெட்ரோல் போடுகிற பெண் பிறகு சொல்லித்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு ஹெல்மெட் வாரை மாட்ட முடியவில்லையாம். பல் தந்தியடிக்க, விரல் மடங்காமல் நின்றாராம். மற்றவர்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அவரிடம் போய், தன் கோட்டைக் கழற்றி, அவருடைய தோல் கோட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டிருக்கிறார்.

“வேண்டாம் மாமா. உங்களுக்கு?”

“ஃபிரிட்ஜுக்குள்ள தலையை விட்டுச் சம்பாதிக்கறவன் நான். எனக்கென்ன குளிரு? நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை, நான் பின்னாடியேதான் இருக்கேன்.”

ஜிப்பைத் தாடை வரைக்கும் இழுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி தோளில் தட்டி அனுப்பினாராம். அவர் உடம்பில் மிஞ்சியது ஒரு காப்பி நிற ஸ்வெட்டர். அவருக்குச் சட்டம் தெரியாதா? அவர்தானே சட்டமே. ஆனால் மாப்பிள்ளை என்ற ஒரு சொல் முன்னால் வந்து நின்றால், எங்கள் வீட்டில் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும்.

நான் ஓடிவந்து வண்டியில் ஏறியபோது பல் டாக்டரின் பின்விளக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அவருக்கு முன்னால் போயிருப்பார் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைப் பிடித்துக்கொண்டு போனேன். மேலே ஏற ஏறப் பனிமூட்டம் கனத்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, பின்னால் கண்ணாடியில் ஒரு மஞ்சள். அதற்கு மேல் உலகம் இல்லை.

அந்த மஞ்சள் வருகிறவரைக்கும் எனக்குப் பயமில்லை. இதைச் சொல்லவே இப்போது வாய் கூசுகிறது, ஆனால் அன்று வழியெல்லாம் நான் அதனோடு பேசிக்கொண்டே போனேன். ‘ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள், கொஞ்சம் தள்ளி வாங்க’ என்று திட்டினேன். காலையில் அடுப்பில் பால் பொங்கியதற்கு யார் காரணம் என்ற சண்டையை, ஹெல்மெட்டுக்குள் தனியாகவே பேசி முடித்து ஜெயித்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் இடது கையைத் தூக்கினால் ‘சரியா இருக்கீங்களா?’ என்று அர்த்தம். அவர் முகப்பு விளக்கை இரண்டு தடவை சிமிட்டுவார். அன்றைக்கும் கையைத் தூக்கினேன். விளக்கு சிமிட்டவில்லை. கண்ணாடிக்குள் மஞ்சளும் ஒரு கையைத் தூக்கிக் காட்டியது. சுவிட்ச் உறைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புகூட வந்தது.

மலை உச்சியில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. எல்லோரும் நின்றோம்.

“வால் வந்தாச்சா?” என்றான் அண்ணன், கையுறையைப் பல்லால் இழுத்துக்கொண்டே.

“வந்தாச்சு, வந்தாச்சு” என்றார் லைன்மேன்.

நான் உள்ளே போய் இரண்டு காப்பி சொன்னேன். ஒன்றில் சர்க்கரை குறைவாக. வெளியே வந்தபோது மஞ்சள் கோட்டு முதுகு காட்டி நின்றுகொண்டு ஹெல்மெட்டைக் கழற்றியது. உள்ளே மாப்பிள்ளையின் தலை இருந்தது.

“எங்க அவரு?”

“பின்னாடிதான் வந்துட்டிருந்தார் அத்தை.”

“எங்க?”

மாப்பிள்ளை திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். பனிதான் இருந்தது. “மாமா கோட்டை எனக்குக் குடுத்துட்டு, பின்னாடியே வரேன்னு சொன்னார். என் கண்ணாடில பனி மூடிடுச்சு அத்தை. நான் பாக்கல.”

அவருடைய போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணன் வந்து, “எங்கயாவது சிகரெட் பிடிக்க நின்னிருப்பான். நீ ஏன் பதர்ற? ஒரு காப்பி குடிக்கறதுக்குள்ள வந்துருவான்” என்றான்.

“அவரு சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆச்சு.”

“சரி, சரி. ஆனா வால் கோட்டைக் கழட்டலாமா? என்ன ஆளு இவன். நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?”

அந்த நிமிஷத்தில் என் அண்ணனை நான் அடித்திருப்பேன். சின்ன வயதிலிருந்து பாக்கி இருந்த அடி. ஆனால் அதற்கு நேரமில்லை. மாப்பிள்ளையிடம் திரும்பினேன். “வழியில எங்கயாவது வழுக்கிச்சா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒரு சின்னப் பாலம் வந்துச்சே அத்தை, பக்கத்துல பாறை... அங்க வண்டி கொஞ்சம் ஆடிச்சு. பிரேக் அடிச்சேன். அப்புறம் சரியாயிடுச்சு.”

அந்த வளைவு எனக்குத் தெரியும். பாறை வெயிலை மறைக்கும். மேலேயிருந்து கசிகிற தண்ணீர் ரோட்டிலேயே உறைந்து கிடக்கும். ஓட்டிப் பழகியவர்கள் அதில் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் அடித்தால், பின்னால் வருகிறவன் எவ்வளவு பழகியவனாக இருந்தாலும் அடித்துத்தான் ஆக வேண்டும்.

வண்டியைத் திருப்பினேன். யாரையும் கூப்பிடவில்லை. “இரு, நான் முன்னாடி போறேன்” என்று அண்ணன் கத்தினான். போகிற வழிக்கு வேண்டுமானால் அவன் தலை. இது திரும்புகிற வழி. நான் நிற்கவில்லை.

இறக்கத்தில் எவ்வளவு வேகமாகப் போனேன் என்று எனக்குத் தெரியாது. எதிரே ஒரு லாரி வந்தது. கையை ஆட்டி நிறுத்தி, “கீழ யாராவது விழுந்து கிடந்தாங்களா?” என்று கத்தினேன். டிரைவர் தலையை ஆட்டினார். “யாரையும் பாக்கலம்மா.” அந்தப் பதில் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது! வேறு எங்கோ நின்றிருக்கிறார், வண்டி ரிப்பேராகி உருட்டிக்கொண்டு வருகிறார், கண்ணில் பட்டதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வார்த்தைகளைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரக் கால்வாயில் ஆரஞ்சு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. அவருடைய வண்டியின் இண்டிகேட்டர். வண்டி தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தது. அவரைக் காணோம். இறங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமானதிலிருந்து அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை.

கொஞ்சம் தள்ளி, மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீரிலிருந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறார், போகிற வருகிற வண்டி பார்க்கும் என்று. காப்பி நிற ஸ்வெட்டர், காப்பி நிற மண், காப்பி நிறப் புல். பக்கத்தில் போகிறவரைக்கும் எனக்கே தெரியவில்லை. அந்த லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

“முதலாளியம்மா” என்றார். நாக்கு குழறியது.

“ஏங்க! என்னங்க பண்ணுது? எங்க அடி?”

“கால்தான்... வேற ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை பத்திரமா வந்துட்டாரா?”

“வந்துட்டார். கொட்டிக்கிட்டு இருக்கார்.”

அதைக் கேட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது. ஸ்வெட்டர் நனைந்து, தோளில் விறைத்து அட்டை மாதிரி நின்றது. ஆனால் நடுக்கம் இல்லை. நான் அதை நல்லதென்று நினைத்தேன்.

“குளிருதாங்க?”

“இப்ப இல்ல. முதல்ல குளிர்ந்துச்சு. இப்ப சூடாத்தான் இருக்கு. ஸ்வெட்டரைக் கழட்டணும்போல இருக்கு.”

அதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். லைன்மேன் ஆம்புலன்ஸுக்கு அடித்தார். பல் டாக்டர் மண்டியிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பல்லுக்கு டாக்டர் என்று நாங்கள் எவ்வளவோ கேலி செய்திருக்கிறோம். என்ன இருந்தாலும் டாக்டர். என் வீட்டுக்காரர் கழற்ற நினைத்த ஸ்வெட்டரைப் பற்றி நான் சொன்னதும் அந்த முகம் மாறிய மாதிரி நான் எந்த முகமும் மாறிப் பார்த்ததில்லை.

“நடுக்கம் எப்ப நின்னுச்சு?” என்றார்.

“நான் வரும்போதே இல்ல டாக்டர்.”

“ஈரத்துணியைக் கழட்டுங்க. காய்ஞ்சது என்ன இருக்கோ எல்லாத்தையும் போடுங்க. சீக்கிரம், சீக்கிரம்!” என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார். மாப்பிள்ளை மஞ்சள் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். ஜிப்பைப் பிடித்து இழுத்த வேகத்தில் ஒரு பல் தெறித்துப் போனது. நான் அதை வாங்கினேன். உள்ளே கையை விட்டதும் சூடு. அடுப்படியில் வைத்திருந்த மாதிரி நல்ல சூடு. நான் இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்த கம்பளி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

அந்தச் சூட்டை அவருக்கு மாட்டினோம். நான் பின்னால் உட்கார்ந்து, அவரை என் மார்பில் சாய்த்துக் கட்டிக்கொண்டேன். அண்ணன் அவர் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதான். “மச்சான், கண்ணைத் தொறடா. மச்சான்.” அவர் கொஞ்ச நேரம் ஏதோ முனகினார். ஏதோ கம்ப்ரசர், ஏதோ வீட்டு ஃபிரிட்ஜ், யாரிடமோ நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அப்புறம் முனகலும் நின்றது. பல் டாக்டர் அவரைக் கீழே கிடத்தச் சொல்லி, நெஞ்சை அமுக்கினார். வியர்த்து வடிகிறவரைக்கும் அமுக்கினார். பிறகு லைன்மேன் அமுக்கினார். பிறகு யாரும் அமுக்கவில்லை.

நான் அழவில்லை. அவ்வளவு கோபம். வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டு போனேனே, அதில் ஒரு வார்த்தையாவது அவர் காதில் விழுந்திருக்கக் கூடாதா?

ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் நடுத்தர வயதுக்காரர். ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டே, நாங்கள் கழற்றிப் போட்டிருந்த ஈர ஸ்வெட்டரைப் பார்த்து, “இந்தக் குளிர்ல நனைஞ்ச ஸ்வெட்டரோடவா இருந்தார்? விழுந்தப்ப கோட்டு கீட்டு எதுவும் போடலையா?” என்று கேட்டார்.

அண்ணன் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம், “மறந்துட்டு வந்துட்டார். அவரு கொஞ்சம் அப்படித்தான், அசட்டை” என்றான்.

“மறக்கல” என்றேன். “போட்டுட்டுத்தான் வந்தார். குளிர்ல நின்ன ஒருத்தருக்குக் கழட்டிக் குடுத்துட்டார். எழுதறதா இருந்தா அப்படியே எழுதிக்கோங்க.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு இனி கம்பளி போர்த்தினால் போதும் என்றார்கள். திரும்பினேன். மாப்பிள்ளை ரோட்டோரத்தில் தன் தோல் கோட்டோடு நின்றிருந்தார். பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியதுகூடத் தெரியாமல் நின்றார். பார்த்ததும் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்க மாட்டேன். ‘நீயும் நில்லு. நல்லா நில்லு’ என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். நடுக்கம் இருக்கிறவரைக்கும்தான் உயிர் என்று அன்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அண்ணன் மகள் பிடித்த கை இதே கைதான்.

“போடுங்க” என்றேன்.

“வேண்டாம் அத்தை. நான் போட மாட்டேன். என்னால முடியாது.”

“போடுறா!” என்று கத்தினேன். மாப்பிள்ளையை டா போட்டுப் பேசியது எங்கள் வம்சத்திலேயே நானாகத்தான் இருப்பேன். மாப்பிள்ளை சின்னப் பையன் மாதிரி கையை நீட்டினார். மாட்டிவிட்டு, பல் போன ஜிப்பைத் தள்ளித் தள்ளித் தாடை வரைக்கும் இழுத்து மூடினேன்.

“கேட்டுக்கோ. இதைப் போட்டவன் கடைசியாத்தான் வரணும். உனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. முன்னாடி இருக்கறவங்கள்ல ஒருத்தர் நின்னாலும் நீ நிக்கணும். யாராவது கையைத் தூக்கினா பதிலுக்குக் கையைத் தூக்காதே. விளக்கை ரெண்டு தடவை சிமிட்டணும். புரியுதா?”

தலையை ஆட்டினார்.

ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி மெதுவாகத்தான் இறங்கியது, இனி அவசரம் என்ன? பின்கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. உள்ளங்கையால் அதைத் துடைத்தேன். மூட்டத்துக்குள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் அண்ணன். அப்புறம் லைன்மேன், பல் டாக்டர். வளைவில் திரும்பும்போது எல்லோருக்கும் கடைசியில், நல்ல இடைவெளி விட்டு, மஞ்சள்.

என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. இத்தனை தூரத்தில், இந்தப் பனியில், ஆம்புலன்ஸ் கண்ணாடிக்குள் இருக்கிற கை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மஞ்சளின் விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது.

“அக்கா, பின்னாடி உங்க ஆளுங்கதானே? எல்லாரும் வந்துட்டாங்களா?” என்று டிரைவர் கேட்டார்.

“வால் வந்தாச்சு” என்றேன். சொல்லிவிட்டு, கம்பளிக்குள் கையை விட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மலை இறங்கி முடிகிறவரைக்கும் அழுதேன்.